கொஞ்சம் பழைய தண்ணீர்

ப்ரூஸ் லீ படுத்துவிட்டது என்ற செய்தி, நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது வந்தது.

போன் செய்தது என் மகள். அப்போது நான்காம் வகுப்பு. அழுகையை அடக்கிக்கொண்டு, "அப்பா... ப்ரூஸ் லீ எந்திரிக்கவே மாட்டேங்குதுப்பா. கீழேயே படுத்துக் கெடக்கு" என்றாள். என் முகம் மாறியதைப் பார்த்துப் பக்கத்து நாற்காலிக்காரர் பதறிப்போய், "யாருக்கு ஸார் உடம்பு சரியில்லை?" என்றார். "மீனுக்கு" என்றேன். அவர் என்னைப் பார்த்த அதே பார்வையைத்தான் நீங்களும் இப்போது பார்க்கிறீர்கள் என்று தெரியும். பரவாயில்லை. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

ப்ரூஸ் லீ ஒரு ஃபைட்டர் மீன். பெட்டா என்றும் சொல்வார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். வண்ண மீன் கடைகளில் மற்ற மீன்களெல்லாம் பெரிய தொட்டியில் கும்பலாகச் சுற்றிக்கொண்டிருக்க, இது மட்டும் ஒரு சின்ன டப்பாவில் தனியாக நிற்கும். பட்டுப் பாவாடையை விரித்தாற்போல வால். ஆண் மீன்கள் இரண்டை ஒன்றாக விட்டால் கிழித்துக்கொள்ளும் என்பதால் தனிச் சிறை. கண்ணாடியைக் காட்டினால் தன்னையே எதிரி என்று நினைத்துச் செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு வரும். அதனால்தான் என் மகள் வைத்த பெயர் ப்ரூஸ் லீ.

2022 செப்டம்பரில் அவள் பிறந்தநாளுக்கு வாங்கியது. விலை நூறு ரூபாய். கூடவே ஒரு லிட்டர் பிடிக்கிற கண்ணாடிக் குடுவை. "இதுக்கு பம்ப் வேணாம், ஃபில்டர் வேணாம் ஸார். வாரம் ஒருதரம் தண்ணி மாத்துங்க. டெய்லி நாலு உருண்டை போடுங்க. அது பாட்டுக்குக் கெடக்கும்" என்றார் எங்கள் ஏரியா கடைக்காரர்.

அது பாட்டுக்குக் கிடந்தது. மூன்று மாதம்.

மார்கழி பிறந்த அந்த வாரம் நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, ரத்தச் சிவப்பாக இருந்த மீன் வெளிறிப்போய், குடுவையின் அடியில் கூழாங்கல்மேல் ஒருக்களித்துக் கிடந்தது. விரித்த வால் ஈரத்துணி மாதிரி சுருங்கியிருந்தது. சில நிமிஷத்துக்கு ஒருமுறை பெரும் பிரயத்தனப்பட்டு மேலே வந்து, ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு மறுபடி கீழே விழுந்தது. மகள் காலையில் போட்ட உருண்டைகள் உப்பிப்போய் அடியில் கிடந்தன.

"செத்துடுமாப்பா?"

அப்பாக்களுக்கு எல்லாம் தெரியும் என்று பிள்ளைகள் நம்புகிற வயது அது. எனக்கு ஒன்றும் தெரியாது.

இங்கே இன்னொருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். என் அப்பா. அந்த நேரத்தில் அவர் எங்களோடு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஊர் தரங்கம்பாடிப் பக்கம் ஒரு கிராமம். நவம்பரில் அம்மா போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, "தனியா என்னப்பா பண்ணுவீங்க, கிளம்புங்க" என்று வீட்டைப் பூட்டி, மாட்டை விற்று, வயலை ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டு, ஒரே ஒரு பெட்டியோடு அவரைக் காரில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்துவிட்டேன். மூன்றாவது மாடி. லிஃப்ட் உண்டு. அவருக்கென்று தனி அறை, புதுக் கட்டில், புது மெத்தை, சுவரில் டி.வி. நல்ல பிள்ளை என்று உறவில் எல்லோரும் மெச்சினார்கள்.

வந்த நாளிலிருந்து அப்பா அந்தக் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். இரண்டு வாய் சாப்பிட்டுப் போய்விடுவார். சர்க்கரை, பிரஷர், தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாம் நார்மல். டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

சரி, மீனுக்கு வருவோம்.

*

வண்ண மீன் என்றால் சென்னையில் கொளத்தூர்தான். வளர்ப்பவர்கள், விற்பவர்கள் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். மறுநாள் லீவு போட்டுவிட்டு மகளோடு போனேன். குடுவையைக் கையோடு எடுத்துப் போகவில்லை. செல்போனில் எடுத்த வீடியோ மட்டும். ஒரு சின்னக் கடையில் வயதான ஒருவர் பனியனோடு உட்கார்ந்து தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். நான், "இதுக்கு என்ன மருந்து போடறது?" என்றேன்.

"மருந்து இருக்கட்டும். தண்ணி எப்படி இருக்கு?"

"சுத்தமாதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஃபுல்லா கொட்டிட்டு, குடுவையைத் தேய்ச்சுக் கழுவி, கல்லையெல்லாம் அலசி, புதுத் தண்ணி ஊத்திடுவோம்."

பெரியவர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

"ஸார், மீனைப் பாக்காதீங்க. தண்ணியைப் பாருங்க. மீனுக்கு வர்ற சீக்குல முக்கால்வாசி தண்ணியோட சீக்கு" என்றார்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் அவர் நடத்திய பாடத்தை, உங்கள் வீட்டிலும் ஒரு குடுவை இருந்தால் உதவுமே என்று சுருக்கித் தருகிறேன்.

முதல் விஷயம், குளிர். மீனுக்கு நம்மைப்போலத் தனக்கென்று உடம்புச் சூடு கிடையாது. தண்ணீர் எவ்வளவு சூடோ அவ்வளவுதான் மீனும். ஃபைட்டர் மீன் தாய்லாந்து, கம்போடியா பக்கத்து உஷ்ணப் பிரதேசத்து ஜீவன். 25-லிருந்து 28 டிகிரி வரை அதற்குச் சுகம். சென்னையில் பத்து மாதம் இந்தக் கவலையே இல்லை. மார்கழி, தை இரண்டு மாதம்தான் தகராறு. ராத்திரியில் 20, 21 என்று இறங்கிவிடும். பெரிய தொட்டி என்றால் மெள்ள ஆறும். ஒரு லிட்டர் குடுவை ராத்திரியில் ஜில்லிட்டுப்போய், பகலில் ஜன்னல் வெயிலில் சூடாகி, மறுபடி ஜில்லிடும். குளிரில் மீனுக்குச் சீரணம் மந்தமாகிவிடும். நாம் வழக்கம்போல உருண்டை போட்டுக்கொண்டே இருப்போம்.

இரண்டாவது, அம்மோனியா. மீனின் கழிவு, தின்னாமல் விட்ட உருண்டை எல்லாமே கடைசியில் அம்மோனியாவாகத்தான் மாறும். கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் பளிங்குபோல இருக்கும்; உள்ளே மீனின் செவுள் வெந்துகொண்டிருக்கும். ஆறு, குளத்தில் இதற்கு இயற்கையே ஆள் வைத்திருக்கிறது. ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதைப் பெரிதாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட் ஆக்கும். தொட்டியில் அவை கல்லிலும் ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் குடியேறிப் பெருகச் சில வாரங்கள் ஆகும். நாம் ஞாயிறுதோறும் அந்தக் குடித்தனத்தைக் கூண்டோடு கழுவிச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தோம். சுத்தம் என்ற பெயரில்.

மூன்றாவது, குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின். நம்முடைய குடலுக்குக் காவல், மீனின் செவுளுக்கு எமன். ஒரு நாள் முழுக்க வாளியில் திறந்து வைத்தால் பெரும்பாலும் பறந்துவிடும். அவசரமென்றால் கடையில் ஆன்ட்டி குளோரின் என்று சொட்டு மருந்து கிடைக்கும்.

"அப்ப இந்தக் குடுவைத் தண்ணியை உடனே மொத்தமா மாத்திடறேன்" என்றேன், பாடம் புரிந்த மாணவனாக.

"அதைத்தான் செய்யக்கூடாதுங்கறேன்! கெட்ட தண்ணியா இருந்தாலும் அது அந்தத் தண்ணிக்குப் பழகியிருக்கு. ஏற்கெனவே துவண்டுபோய்க் கெடக்கு. ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்துனீங்கன்னா அந்த அதிர்ச்சியிலேயே போயிடும். தினம் கால்வாசி எடுங்க, கால்வாசி ஊத்துங்க. கொஞ்சம் பழைய தண்ணி இருக்கணும் ஸார். எப்பவும் கொஞ்சம் பழைய தண்ணி இருக்கணும்."

ஒரு இருபது லிட்டர் தொட்டி, மூடி, மெதுவாகக் குமிழிடும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், சின்ன ஹீட்டர், ஒரு தெர்மாமீட்டர். கிளம்பும்போது பெரியவர் தன் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பழைய அழுக்கு ஸ்பாஞ்ச் ஒன்றைக் கவரில் போட்டுக் கொடுத்தார். "புதுசு வெறும் பஞ்சு ஸார். இதுல உசுரு இருக்கு" என்றார். அதற்குக் காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து பில்லைப் பார்த்த என் மனைவி, "நூறு ரூபா மீனுக்கு ரெண்டாயிரம் ரூபா ஆஸ்பத்திரியா?" என்றாள். நியாயமான கேள்விதான். ஆனால், அவளேதான் அன்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போய்த் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு வந்து படுத்தாள்.

*

தொட்டியை எங்கே வைப்பது என்பது அடுத்த பிரச்னை. ஹாலில் பிளக் பாயிண்ட் தோதாக இல்லை. வெயில் நேரடியாகப் படக்கூடாது. கடைசியில் அப்பாவின் அறையில், அவர் கட்டிலுக்கு எதிரே இருந்த மேஜைதான் கிடைத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், இதில் எந்தத் திட்டமும் கிடையாது. ஒரே காரணம் பிளக் பாயிண்ட்.

பெரியவர் சொன்னபடியே செய்தோம். தொட்டியில் தண்ணீரை நிறைய ஊற்றாமல் ஐந்து அங்குல உயரத்தோடு நிறுத்திக்கொண்டோம். அதற்கும் காரணம் உண்டு. ஃபைட்டர் மீனுக்குச் செவுளுக்கு மேலே சுருள் சுருளாக ஓர் உறுப்பு இருக்கிறது. லேபிரிந்த் என்பார்கள். அதை வைத்துக்கொண்டு அது நம்மைப்போல வெளிக்காற்றைச் சுவாசிக்கும், சுவாசித்தே ஆகவேண்டும். மேலே வரத் தெம்பில்லாத மீனை ஆழமான தண்ணீரில் விட்டால் மூச்சுத் திணறிப்போகும். ஆகவே ஆழம் குறைவாக, பரப்பு அதிகமாக. மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு விரற்கடை காற்று.

ஹீட்டர் உதவியால் ஒரே அடியாக இல்லாமல், மணிக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் 22-லிருந்து 27-க்கு ஏற்றினோம். சாப்பாடு இரண்டு நாளைக்குக் கிடையாது. மகள் இதற்குத்தான் ரொம்ப அழுதாள். "பாவம்ப்பா, பசிக்கும்." அதன் வயிறே அதன் கண் அளவுதான் என்று மீன் வளர்ப்பவர்கள் சொல்வார்கள். அந்த வயிற்றுக்குத்தான் நாங்கள் அன்பை உருட்டி உருட்டிப் போட்டுக்கொண்டிருந்தோம்.

செதில்கள் அன்னாசிப்பழம் மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றால் பிழைப்பது கஷ்டம், வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது வேறு சீக்கு, துடுப்பு ஓரம் கறுத்து அழுகினால் அதற்கு வேறு வைத்தியம் என்றெல்லாம் பெரியவர் அடையாளம் சொல்லி அனுப்பியிருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தோம். அப்படி எதுவுமில்லை. வெறும் சோர்வு. வெறும் சோர்வுக்கு மருந்தில்லை.

முதல் நாள் எந்த மாற்றமும் இல்லை. இரண்டாம் நாள் காலை தண்ணீர் மாற்றப் போனேன். கால்வாசியை எடுத்துவிட்டு, குழாய்த் தண்ணீர் நேற்றே பிடித்துவைக்க மறந்துவிட்டோமே என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, பின்னாலிருந்து குரல் வந்தது.

"பால்கனில ஒரு வாளி இருக்கு. ராத்திரியே புடிச்சு வெச்சேன்."

அப்பா. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்.

"கையை விட்டுப் பார்த்து ஊத்து. ரெண்டும் ஒரே சூடா இருக்கணும்."

அது தெர்மாமீட்டர் பார்க்காமல் சொன்ன வார்த்தை. எழுபது வருஷம் வயலில் தண்ணீர் கட்டிய கை.

*

அன்று சாயங்காலம் நான் வந்தபோது அப்பா எழுந்து உட்கார்ந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில்.

"தாத்தா, இது காத்தை மூக்கால குடிக்குதா, வாயாலயா?"

"வாயாலதான் பாப்பா. நம்ம ஊர்ல பனையேறிக் கெண்டைன்னு ஒண்ணு இருக்கு. அதுவும் இப்படித்தான். மழை பெஞ்சா குளத்தை விட்டு ஏறி வரப்பு மேல நடந்து போகும். நான் கையால புடிச்சிருக்கேன்."

"மீன் நடக்குமா? ரீல் விடாதீங்க தாத்தா."

தாத்தா ரீல் விடவில்லை. பனையேறிக் கெண்டையும் ஃபைட்டரும் ஒரே வகையறாதான். இரண்டுக்கும் அதே லேபிரிந்த். எங்கள் தரங்கம்பாடிக்கு இதில் ஒரு சரித்திரமே உண்டு. ஊர் டேனிஷ்காரர்கள் கையில் இருந்த காலத்தில், டால்டார்ஃப் என்ற லெப்டினன்ட் 1791 நவம்பரில் அங்கே ஒரு பனைமரத்தின் பட்டை இடுக்கில் இந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதினார். 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அது அச்சாகியிருக்கிறது. மரம் ஏறுமா என்று பிற்பாடு வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். தரையில் நகர்ந்து போகும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இதை நான் மகளிடம் சொன்னதும் தாத்தாவின் மதிப்பு ஒரேயடியாக உயர்ந்துவிட்டது.

"இந்த மீனுக்குச் சொந்த ஊர் எதுப்பா?" என்றார் அப்பா.

"சயாம். இப்ப தாய்லாந்து. வயல்லயும் சதுப்புலயும் இருக்கும். 2019-ல அவங்க கவர்மெண்டே இதைத் தேசிய நீர்வாழ் உயிரினம்னு அறிவிச்சிருக்கு."

"வயக்காட்டு மீனா?" அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதுக்குப் போய் பாட்டில்ல இருக்கும்னு சொல்லியிருக்கான் பாரு. வயல்ல தண்ணி முழங்கால் அளவுதான். ஆனா எம்மாம் பரப்பு!" என்றார்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. ஆழமில்லாத, ஓடாத தண்ணீரில் இந்த மீன் வாழும். ஆனால் ஆழமில்லாத தண்ணீர் என்பதும் குறுகிய தண்ணீர் என்பதும் ஒன்றல்ல.

அடுத்த நாள் காலை அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். ஒரு மாதத்தில் முதல் தடவை. எங்கள் தெருமுனைப் பார்க்கில் வாதாங்கொட்டை மரம் ஒன்று குடை பிடித்தாற்போல நிற்கும். மார்கழியில் இலை சிவந்து உதிரும். காய்ந்த இலை ஒன்றைப் போடச் சொல்லிக் கொளத்தூர்ப் பெரியவர் சொல்லியிருந்தார். இலையிலிருந்து இறங்கும் சாயம் தண்ணீரைப் பால் விடாத டீ மாதிரி ஆக்கும். இந்த மீனுக்கு அது பிடிக்கும். தாய்லாந்திலும் இதையே செய்கிறார்கள். "ரோட்டோரத்துல பொறுக்காதே. வண்டிப் புகை படிஞ்சிருக்கும்" என்று மகளுக்கு உத்தரவு போட்டுக்கொண்டே போனார். மூன்று இலை பொறுக்கி வந்து, கழுவி, காயவைத்து, ஒன்றைத் தொட்டியில் மிதக்கவிட்டார். ராத்திரி ப்ரூஸ் லீ அந்த இலையின் மேல், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரல் கீழே படுத்துக்கொண்டது. காற்று வாங்க ஒரு அசைவு போதும். மீனுக்கு அது ஈஸிசேர்.

நான்காம் நாள் ஒரே ஒரு உருண்டை போட்டோம். மேலே வந்தது. முகர்ந்தது. துப்பியது.

"இந்த மாத்திரையை எவன் தின்பான்?" என்றார் அப்பா. அவருடைய சத்து மாத்திரை அட்டை மேஜை டிராயரில் அப்படியே பிரிக்காமல் இருந்தது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

மறுநாள் மொட்டை மாடியில் பூந்தொட்டிக்குக் கீழே வைத்த தட்டுகளில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரை டீ வடிகட்டியால் வடிகட்டிக்கொண்டிருந்தார். கொசுப்புழு. சரியாக அந்த நேரம் பார்த்து டெங்கு செக்கிங்குக்கு மாநகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்துவிட்டார்.

"என்ன பெரியவரே, கொசுப்புழு வளர்க்கறீங்களா?"

"வளர்க்கலை தாயி, ஒழிக்கறேன். ஆள் வெச்சு ஒழிக்கறேன். கீழ வந்து பாரு."

அந்தப் பெண் சிரித்துவிட்டு, தட்டுகளையெல்லாம் கவிழ்த்து, மிச்சத்தைக் கொட்டச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா போன பிறகு அப்பா சொன்ன முதல் ஜோக் அது. என் மனைவி கிச்சனில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசி, இரண்டே இரண்டு புழுவை விட்டார் அப்பா. அவை நெளிந்தன. இலைமேல் கிடந்த ப்ரூஸ் லீ தலையைத் திருப்பியது. வால் லேசாக விரிந்தது. அடுத்த கணம் ஒன்று காணவில்லை.

மகள் போட்ட கூச்சலில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

*

பத்தாம் நாள், தொட்டியின் மூலையில் நுரை நுரையாக ஏதோ மிதந்தது. சோப்பு பட்டுவிட்டதோ என்று பயந்துபோய்க் கொளத்தூருக்குப் போன் போட்டேன். பெரியவர் சிரித்தார். "கூடு கட்டுது ஸார். ஆம்பளை மீன்தான் கட்டும். எச்சில்ல குமிழி விட்டு விட்டுக் கட்டும். பொட்டை முட்டை போட்டா இதுதான் வாயில பொறுக்கி அந்தக் குமிழிக்குள்ள வெச்சுக் காவல் காக்கும். கூடு கட்ட ஆரம்பிச்சிடுச்சுன்னா உடம்புல தெம்பு வந்துடுச்சுன்னு அர்த்தம்."

விஷயத்தை வீட்டில் சொன்னேன். மகள் கை தட்டினாள். அப்பா அந்த நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, ஜோடி இல்லாமயே கட்டுமா?"

"கட்டுமாம்பா. ஜோடி இருந்தாலும் இல்லாட்டியும் கட்டுமாம்."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஃபில்டரின் குமிழிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. "கொஞ்சம் பழைய தண்ணி இருக்கணும் ஸார்" என்ற குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. மீனுக்குச் செய்த அதே காரியத்தை நான் அப்பாவுக்கும் செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரே நாளில் மொத்தத்தையும் கொட்டிவிட்டேன். வீடு, வயல், மாடு, திண்ணை, அவர் உட்காரும் டீக்கடை பெஞ்ச், பேச்சுத் துணை எல்லாவற்றையும். புதுக் கட்டில், புது மெத்தை, புதுச் சுவர். பழைய சொம்பு ஒன்றுகூட வரவில்லை. அவர் துவண்டபோது, 'அப்பாவுக்கு என்ன?' என்றுதான் கேட்டேன். ரத்தம் எடுத்துப் பார்த்தேன். அவரை வைத்திருக்கும் இடத்துக்கு என்ன என்று ஒருநாளும் கேட்கவில்லை. 'ரோட்டுல வண்டி ஜாஸ்தி, வெளிய போகாதீங்க', 'நீங்க எதுக்குத் தூக்கறீங்க, வைங்க', 'காபி படுக்கைக்கே வரும்' என்று அன்பை நானும் உருட்டி உருட்டித்தான் போட்டிருக்கிறேன்.

என்னைத் திட்டிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. கெட்ட எண்ணத்தோடு யாரும் செய்வதில்லை. அந்தக் குடுவையை வாராவாரம் தேய்த்துக் கழுவிய என் மகளைவிட அந்த மீன்மேல் பிரியம் வைத்தவர் யார்?

பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். பூட்டைத் திறந்து, வீட்டைப் பெருக்கி, வாசலில் கோலம் போட்டு, மூன்று நாள் இருந்தோம். அப்பா அம்மாவின் புடவைகளை எடுத்து வெயிலில் போட்டு மடித்து வைத்தார். அப்போதுதான் வாய்விட்டு அழுதார். திரும்பும்போது அவருடைய சாய்வு நாற்காலி, அம்மாவின் பித்தளைச் சொம்பு, ஒரு மண்வெட்டி மூன்றும் காரில் ஏறின. "மூணாவது மாடியில மண்வெட்டி எதுக்குப்பா?" என்று நான் கேட்கவில்லை. இப்போது மொட்டை மாடியில் பதினெட்டுத் தொட்டியில் கீரையும் கத்தரியும் இருக்கின்றன. மாதம் ஒருமுறை தனியாகவே ரயிலேறி ஊருக்குப் போய், நான்கு நாள் இருந்துவிட்டு வருவார். மாதத்துக்குக் கால்வாசித் தண்ணீர்.

பழைய அப்பாவாக ஆகிவிட்டார் என்று சொன்னால் பொய். சில நாட்கள் இன்னமும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். அன்றைக்கு நாங்கள் தொந்தரவு செய்வதில்லை. ஆழத்தைக் குறைத்து வைத்துக் காத்திருப்போம். தானே மேலே வருவார்.

ப்ரூஸ் லீ அதன் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தது. 2024 ஜூனில் ஒருநாள் காலை இலைமேல் படுத்தபடியே போய்விட்டிருந்தது. சீக்கு இல்லை, வயது. இந்த மீனுக்கு இரண்டு, மூன்று வருஷம்தான் ஆயுள். அப்பா அதைக் கத்தரித் தொட்டியில் புதைத்தார். மகள் அழுதாள். ஆனால், முதல் தடவை அழுத மாதிரி பயந்து அழவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கொளத்தூரிலிருந்து புது மீன் வந்தது. நீல நிறம். தொட்டி காலியாக இருக்கிறதே, பளபளவென்று தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பிவிடலாம் என்று நான்தான் வாளியை எடுத்தேன். புத்தி எங்கே போகும்?

"அப்பா, நில்லுங்க!" என்றாள் மகள். "கொஞ்சம் பழைய தண்ணி இருக்கட்டும்."

பின்னாலிருந்து தாத்தா சொன்னார்: "பாதி எடு, போதும்."